மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளில் சில மட்டும் ஏன் அதிகம் பரவுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளிலிருந்து சளிப் பரிசோதனைக்கு வருவோரும், அவர்களுடைய வீட்டாரும், எஸ்டேட் மருந்தகப் பணியாளர்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆய்வகச் சன்னலருகே நின்று திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கம் கிருமியைப் பற்றியது.

டி.பி.ன்னா டி.பி.தானே? அதுல என்ன, மருந்துக்கு அடங்குறது, அடங்காததுன்னு ரெண்டு வகை?

நோய் ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்து அறிவித்த அதே கிருமிதான் இரண்டு வகை நோயாளிகளின் சளியிலும் இருக்கிறது. வழக்கமான ஆறு மாத சிகிச்சை பெரிதும் நம்பியிருப்பது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு மருந்துகளை. இந்த இரண்டுக்குமே கட்டுப்படாத கிருமியால் வருவதை எம்.டி.ஆர். காசநோய் என்கிறோம். உலகில் 2023இல் ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு எம்.டி.ஆர். அல்லது ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்தியர்.

இருமல், காய்ச்சல், எடை குறைதல் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். நோயாளியைப் பார்த்தோ எக்ஸ்ரேயைப் பார்த்தோ எதிர்ப்பு உண்டா என்று சொல்ல முடியாது. சளியைச் சோதித்தால்தான் தெரியும்.

எங்க வீட்டுக்காரர் ஒரு மாத்திரைகூட விட்டதில்ல. அவருக்கு எப்படி எம்.டி.ஆர். வந்துச்சு?

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் எதிர்ப்பு வருகிறது என்று நாங்களே பல ஆண்டுகளாகச் சுவரொட்டிகளில் எழுதி ஒட்டியதன் விளைவுதான், நோயாளியின் மனைவி குற்றவாளியைப் போல நின்று இப்படிக் கேட்பது. அந்த வாசகம் பாதி உண்மை. எதிர்ப்பு இரண்டு வழிகளில் வரும். ஒருவருடைய நுரையீரலுக்குள்ளேயே சிகிச்சையின்போது உருவாவது ஒரு வழி. ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்றுவிட்ட கிருமியை வேறொருவரின் இருமலிலிருந்து சுவாசித்துவிடுவது இன்னொரு வழி. இன்று உலகில் பெரும்பாலான எம்.டி.ஆர். நோயாளிகளுக்கு நோய் வருவது இந்த இரண்டாவது வழியில்தான். 2014 முதல் 2016 வரை இந்தியாவில் நடந்த தேசிய ஆய்வில், அதற்குமுன் காசநோய் மருந்தையே தொடாத புதிய நோயாளிகளில் 2.84 விழுக்காட்டினருக்கு எம்.டி.ஆர். இருந்தது; முன்பு சிகிச்சை பெற்றவர்களில் அது 11.60 விழுக்காடு. விழுக்காடு சிறியதாகத் தெரிந்தாலும், புதிய நோயாளிகளின் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் மாத்திரையை விட்டிருக்கத் தேவையில்லை. வேறு எவரோ ஒருவர், என்றோ ஒரு நாள், சரியான மருந்து கிடைக்காமல் இருமியிருக்கிறார்.

முதல் வழியில எப்படி உருவாகுது? மருந்து கிருமியை மாத்திடுதா?

மருந்து கிருமியை மாற்றுவதில்லை. ஏற்கெனவே மாறியிருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அப்படிப் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் அபூர்வமாகப் பிழை நேரும். அந்தப் பிழைகளால், ஏறக்குறைய பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோனியாசிடுக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் மருந்தையே பார்க்காமல் எதிர்ப்புப் பெற்றுவிடுகிறது. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் ஒரு கோடியிலிருந்து நூறு கோடி வரை கிருமிகள் இருக்கலாம் என்பதால், ஒரே மருந்தைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் சில கிருமிகள் நிச்சயம் இருக்கும். நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமிக்கு அந்த வழக்கம் இல்லை. அதனிடம் உள்ள எதிர்ப்பு எல்லாம் தன் பரம்பரையில் நேர்ந்த பிழைகளால் வந்ததே. எனவே ஒரு பிழை பிறந்த கிருமியின் வாரிசுகள் பரவினால்தான் அந்த எதிர்ப்பும் பரவும். இனிவரும் பதில்கள் பெரும்பாலும் இதைப் பிடித்துக்கொண்டுதான் செல்கின்றன.

மருந்தையே ஜெயிச்ச கிருமின்னா, அது சாதாரணக் கிருமியைவிட பலமானதுதானே?

மருந்து இருக்கும் உடலில் பலமானது. மருந்து இல்லாத இடத்தில் பெரும்பாலும் பலவீனமானது. மருந்துகள் கிருமியின் உயிருக்கு அத்தியாவசியமான பாகங்களைத்தான் தாக்குகின்றன. அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கும் கிருமி, அதே பாகத்தால் நடக்க வேண்டிய வேலையில் ஏதோ ஓர் இழப்பை ஏற்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஐசோனியாசிட். அந்த மருந்து உள்ளே போகும்போது செயலற்றதாகவே போகிறது. கிருமியின் கேட்ஜி என்ற நொதிதான் அதைச் செயல்படும் நஞ்சாக மாற்றுகிறது. ஆகவே கேட்ஜி மரபணுவையே இழந்துவிட்ட கிருமியை ஐசோனியாசிட் ஒன்றும் செய்யாது. ஆனால் நம் வெள்ளணுக்கள் கிருமியின்மேல் பாய்ச்சும் பெராக்சைடை முறிப்பதும் அதே நொதிதான். அதை இழந்த கிருமி மருந்திலிருந்து தப்பி, உடலின் தாக்குதலுக்கு வெறும் மேனியாக நிற்கிறது. 1950களில் கினிப் பன்றிகளுக்கு இத்தகைய எதிர்ப்புக் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தபோது, பல கிருமிகள் நோயை உண்டாக்கும் திறனையே இழந்திருந்தன. அதைக் கண்ட மருத்துவ உலகில் சிலர் எதிர்ப்புக் கிருமி தானாகவே ஓய்ந்துவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

ஏன் பலிக்கல? பலவீனமான கிருமி எப்படி இத்தனை பேருக்குப் பரவுது?

எல்லா எதிர்ப்புக் கிருமிகளும் ஒரே அளவு இழப்பதில்லை என்பதே காரணம். கேட்ஜி நொதியின் 315ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் வந்து உட்கார்ந்துவிட்டால், நொதி ஐசோனியாசிடைச் செயல்படுத்தும் திறனை இழக்கிறது. பெராக்சைடை முறிக்கும் திறனைப் பெரிதும் காப்பாற்றிக்கொள்கிறது. கேட்ஜியைக் கெடுக்க எத்தனையோ வழிகள் இருந்தும், உலகெங்கும் நோயாளிகளிடம் மிக அதிகமாகக் கிடைப்பது இந்த ஒரு மாற்றம்தான். மற்ற மாற்றங்களும் உருவாகாமல் இல்லை. உருவான நோயாளியைத் தாண்டி அவற்றால் வெகுதூரம் போக முடிவதில்லை.

ரிஃபாம்பிசினிலும் இதே கதைதான். அது கிருமியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைத் தாக்குகிறது. அந்த நொதியின் ஒரு பகுதியைக் குறிக்கும் ஆர்பிஓபி மரபணுவில், வெறும் 81 எழுத்துகள் நீளமுள்ள ஒரு சிறு பகுதிக்குள்ளேயே எதிர்ப்பு மாற்றங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. அவற்றுள் 450ஆம் இடத்தில் செரினுக்குப் பதிலாக லூசின் வரும் மாற்றம் கிருமியின் வளர்ச்சியை மிகக் குறைவாகவே பாதிக்கிறது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளிகளிடம் மிக அதிகமாகக் கிடைப்பதும் அதுவே. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடி, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்றும் சொல்லும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியின் முதல் வகைக் குப்பியில், இந்தப் பகுதியை ஐந்து துழாவிகள் (மாறாத மரபணுவில் மட்டும் ஒட்டும் சிறு மரபணுத் துண்டுகள்) பங்கு போட்டுக்கொண்டு சோதித்தன. எதிர்ப்பு என்று வந்த முடிவுகளை விரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒட்டாமல் விடுபட்டிருப்பது இந்த 450ஆம் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐந்தாவது துழாவிதான். திரையில் நான்கு கோடுகள் ஏறிச் செல்ல, ஐந்தாவது தரையோடு தரையாகக் கிடக்கும்.

கொஞ்சம் இழந்தாலும் இழப்பு இழப்புதானே? நாளடைவுல சாதாரணக் கிருமி அதை முந்திடாதா?

முந்திவிடும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஆனால் கிருமி இழந்ததை ஈடுசெய்து கொள்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் பல உறுப்புகள் சேர்ந்த நொதி. ஆர்பிஓபி தரும் உறுப்பில் எதிர்ப்பு மாற்றம் வந்து நொதியின் வேகம் குறைந்த பிறகு, அதையடுத்து இணைந்திருக்கும் ஆர்பிஓசி அல்லது ஆர்பிஓஏ உறுப்பில் இன்னொரு மாற்றம் நேர்ந்து, இரண்டும் மறுபடி பொருந்திக்கொள்கின்றன. தேயிலைக் கூடையின் ஒருபக்கக் கயிறு அறுந்து முடிச்சுப் போட்டதில் குட்டையாகிவிட்டால், மறுபக்கக் கயிற்றையும் சற்றுக் குறுக்கிக் கூடையை நேராக்கிக்கொள்வோமல்லவா, அதைப் போன்றது இது. அறுந்த கயிறு பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் சுமை இப்போது ஒருபக்கம் சாய்வதில்லை. இத்தகைய ஈடுசெய்யும் மாற்றங்கள் எம்.டி.ஆர். மிகுந்த நாடுகளின் கிருமிகளில் அதிகம் இருப்பதை 2012இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. ஈடுசெய்யும் மாற்றம் வருவதற்குக் கிருமி பலமுறை பிரிய வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். எதிர்ப்புக் கிருமி தொடக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கும் மாதங்களில் அதைப் பிடித்துவிட்டால் கதை அங்கேயே முடியும். பிடிக்காமல் விட்டால், அடுத்தவருக்குப் போவது தள்ளாட்டம் நீங்கிய கிருமி.

எங்க எஸ்டேட் லைன் வீடுகள்ல ஒருத்தருக்கு வந்து நாலு பேருக்கு ஆயிடுச்சு. மேல் டிவிஷன்ல ஒருத்தரோட நின்னுடுச்சு. அங்கே வந்தது பலவீனமான கிருமியா?

இருக்கலாம், ஆனால் கிருமியின் மேல் பழி போடுவதற்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள். ஒரு கிருமி எத்தனை பேருக்குப் பரவும் என்பது, ஒரு மாதத்தில் எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதையும், எத்தனை மாதம் தொற்றிக்கொண்டே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: சாதாரணக் கிருமி உள்ளவர் மாதம் ஒருவருக்குத் தொற்றவைக்கிறார், மூன்றாம் மாதம் சிகிச்சை தொடங்குகிறது, தொற்று நிற்கிறது, ஆக மூவர். எதிர்ப்புக் கிருமி கால்பங்கு மந்தமானது என்று வைப்போம். ஆனால் அந்த நோயாளிக்கு எதிர்ப்பைச் சோதிக்காமலே வழக்கமான மாத்திரை கொடுக்கப்பட்டு, அது கேட்காமல், சரியான மருந்து தொடங்க ஓர் ஆண்டு ஆகிவிடுகிறது. மாதத்துக்கு முக்கால் பேர் என்றாலும் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். பலவீனமான கிருமி மூன்று மடங்கு பரவியிருக்கிறது.

இது வெறும் கணக்கு அல்ல. பெரு நாட்டின் லிமா நகரில், எச்.ஐ.வி.யும் காசநோயும் உள்ளவர்கள் தங்கியிருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். யாரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் பெரும்பாலானவை, போதிய சிகிச்சை பெறாத ஒருசில எம்.டி.ஆர். நோயாளிகளிடமிருந்தே தொற்றியிருந்தன. சரியான மருந்து கிடைத்துவிட்டால் எம்.டி.ஆர். நோயாளியிடமிருந்தும் தொற்று விரைவாகக் குறைந்துவிடுகிறது. 'மேல் டிவிஷன்' நோயாளிக்கு முதல் வாரத்திலேயே எதிர்ப்பு தெரியவந்ததா என்று விசாரித்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ரஷ்யா, ஆப்பிரிக்கான்னு பேப்பர்ல போடுறாங்களே, அங்கெல்லாம் நடந்தது என்ன?

இரண்டும் இரண்டு விதம். சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியபோது மருந்து வினியோகமும் சிதறியது. நெரிசல் மிகுந்த சிறைகளில் அரைகுறைச் சிகிச்சை நடந்தது. அங்கே ஏற்கெனவே பரவலாக இருந்த பெய்ஜிங் வகை என்ற கிருமிப் பரம்பரை எதிர்ப்பையும் பெற்று, ஈடுசெய்யும் மாற்றங்களையும் பெற்று, வேரூன்றிவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்ற சிற்றூரின் மருத்துவமனையில், ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் எதிர்ப்புக் கொண்ட காசநோய் 53 பேருக்கு இருந்ததாக 2006இல் செய்தி வந்தது. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட 44 பேருக்குமே அந்தத் தொற்று இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் சிகிச்சையே பெறாதவர்கள். அதாவது மேலே சொன்ன இரண்டாவது வழி. அந்தக் கிருமி பெய்ஜிங் வகையைச் சேர்ந்ததும் அல்ல. பின்னாளில் மரபணுவை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அந்தப் பரம்பரையில் ஐசோனியாசிட் எதிர்ப்பு 1950களிலேயே நுழைந்துவிட்டது தெரிந்தது. அரை நூற்றாண்டாக ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்துக்கொண்டு வந்த கிருமி, எதிர்ப்பாற்றல் குறைந்த மக்கள் நெருக்கமாகப் படுத்திருந்த வார்டை அடைந்தபோதுதான் உலகின் கண்ணில் பட்டது.

நம்ம பக்கம் இருக்குறது எந்த வகை?

மனிதரிடம் காணப்படும் காசநோய்க் கிருமியைப் பல பெரும் பரம்பரைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் அதிகம் இருப்பது இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் வாழும் முதலாம் பரம்பரை. பெய்ஜிங் வகை இரண்டாவதிலும், வட இந்தியாவில் மிகுதியாக உள்ளது மூன்றாவதிலும் அடங்கும். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், அங்கே நெடுங்காலமாக இருந்த முதலாம் பரம்பரையைவிட, பிற்பாடு வந்த பெய்ஜிங் வகை அதிகமாகப் பரவுவது தெரிந்தது. ஆகவே ஒரே எதிர்ப்பு மாற்றம் என்றாலும், அது எந்தப் பரம்பரையின்மேல் வந்து உட்காருகிறது என்பதும் விளைவை மாற்றும்.

இதைச் சொன்னவுடன் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். விட வேண்டாம். முதலாம் பரம்பரையும் கொல்லும், எம்.டி.ஆரும் ஆகும்.

அப்ப வடக்கேருந்து எஸ்டேட் வேலைக்கு வர்றவங்கதான் இதைக் கொண்டு வர்றாங்க, அப்படித்தானே?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள். கிருமி மனிதரோடு பயணம் செய்வது உண்மை. இங்கிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வரும் நம் பிள்ளைகளோடும் அது பயணம் செய்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவருக்குக் காசநோய் இருந்தால், அவர் அதை அங்கிருந்து கொண்டுவந்தாரா, அல்லது இங்கே ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கவைக்கப்பட்ட பிறகு பெற்றாரா என்பதை அவர் பேசும் மொழி சொல்லாது.

முந்தைய கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 'கொண்டு வந்தவன்' என்ற பெயருக்கும், வேலை போய்விடும் என்பதற்கும் அஞ்சுகிறவர் இருமலை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் கிருமிக்குக் கிடைக்கும் மாதம். பாதிச் சிகிச்சையில் ஊர் திரும்பினால் நிக்‌ஷய் என்ற தேசியக் காசநோயாளர் பதிவு மூலம் அங்கேயே மருந்தைத் தொடர முடியும் என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் சொல்வது, சந்தேகப்படுவதைவிட எவ்வளவோ பயனுள்ளது.

மலைக்காத்து டி.பி.க்கு நல்லதுன்னு பெரியவங்க சொல்வாங்களே? இங்கே பரவவே கூடாதே?

அது மருந்தில்லாத காலத்துச் சானடோரியங்களின் (காசநோயாளிகள் தங்கி ஓய்வெடுத்த மருத்துவ இல்லங்களின்) எச்சம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இந்த நம்பிக்கையைச் சோதித்தது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் ஒரு சாரார் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மறு சாரார் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவின்படி குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. நோயைக் குணப்படுத்துவது மருந்து.

பரவலைப் பொறுத்தவரை காற்று முக்கியம்தான். ஆனால் அது வீட்டுக்குள் வந்துபோக வேண்டும். மார்கழியில் உறைபனிக்கும், ஆனி, ஆடியில் கூடலூர்ப் பக்கத்து மழைச்சாரலுக்கும் பயந்து, லைன் வீட்டின் ஒரே சன்னலில் உரச்சாக்கை ஆணியடித்து மூடியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இருமலில் வரும் மிக நுண்ணிய துகள்கள் அத்தகைய அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். வெளியே எத்தனை ஆயிரம் ஏக்கர் மலைக்காற்று இருந்தும் உள்ளே படுத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. மழை நின்ற நேரத்திலாவது சாக்கைத் தூக்கி விடுங்கள்.

ஜீன்எக்ஸ்பெர்ட்ல எதிர்ப்பு இல்லைன்னு வந்துடுச்சு. இனி கவலை இல்லையே?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது ரிஃபாம்பிசின் ஒன்றைத்தான். எம்.டி.ஆர். கிருமிகளில் பெரும்பாலும் முதலில் வருவது ஐசோனியாசிட் எதிர்ப்பு. அதை அறிய எல்.பி.ஏ. (மரபணு மாற்றங்களைப் பட்டையில் கோடுகளாகக் காட்டும் சோதனை) போன்ற வேறு சோதனை வேண்டும்.

அடுத்தது சற்றுச் சிக்கலானது. முன்பு சொன்ன 81 எழுத்துகளுக்கு வெளியேயும் எதிர்ப்பு மாற்றம் வரலாம். ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினி நாட்டில், ஆர்பிஓபியின் 491ஆம் இடத்தில் மாற்றம் கொண்ட ஒரு கிருமி, ஜீன்எக்ஸ்பெர்ட்டில் 'எதிர்ப்பு இல்லை' என்றே முடிவு வந்துகொண்டிருக்க, எம்.டி.ஆர். நோயாளிகளில் கணிசமானோரிடம் பரவிவிட்டது. சோதனையின் கண்ணுக்குத் தப்புவதே அந்தக் கிருமிக்குப் பரவும் வாய்ப்பாக அமைந்தது. எனவே முடிவு எப்படி வந்திருந்தாலும், இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகும் சளியில் கிருமி தெரிந்தால் மறுபடி கேளுங்கள். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனை வரை போகச் சொல்லுங்கள்.

இப்ப ஆறு மாசத்துல எம்.டி.ஆர். சரியாகுற மாத்திரை வந்திருக்காமே. அதுக்கும் எதிர்ப்பு வந்துடாதா?

பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024இல் ஏற்றது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மாத்திரையும் ஊசியுமாக அவதிப்பட்டவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எதிர்ப்பு வரத் தொடங்கிவிட்டது. பெடாகுயிலினுக்கு எதிரான மாற்றங்கள் பெரும்பாலும், மருந்தை வெளியே தள்ளும் இறைப்பானைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் வருகின்றன. அதைக் கெடுக்கப் பற்பல வழிகள் உண்டு. ஒரே அடியில் குளோஃபசிமின் என்ற மருந்துக்கும் எதிர்ப்பு வந்துவிடுகிறது. ரிஃபாம்பிசினைப் போல 81 எழுத்துகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாததால், விரைவாகக் கண்டுபிடிக்கும் சோதனை அமைப்பதும் கடினம். எந்த மருந்தாலும் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்புக் கிருமிகள் சிலவே. அவை ஈடுசெய்துகொள்ளும்வரை விட்டுவைக்கிறோமா என்பதே இங்கும் கேள்வி.

வீட்ல ரெண்டு பசங்க இருக்காங்க. அவங்களுக்கும் வந்துடுமா?

தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் சேர்த்து 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வருகிறது. அதில் பெரும்பங்கு முதல் இரண்டு ஆண்டுகளில். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் அபாயம் கூடுதல். எம்.டி.ஆர். நோயாளியின் வீட்டாருக்கு ஆறு மாத லெவோஃப்ளாக்சசின் தடுப்பு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டையும் மறந்துவிடாதீர்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களிடையே புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. கிருமி எத்தனை வலிமையானது என்பதோடு, அது நுழையும் உடம்பு எத்தனை மெலிந்தது என்பதும் பரவலைத் தீர்மானிக்கிறது.

ஒரு கிருமியோட மரபணுவைப் பார்த்து, இது பரவும், இது பரவாதுன்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

எதிர்ப்பு உண்டா என்று சொல்லலாம். எந்த மாற்றம் எந்த மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் என்ற அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்டு, 2023இல் விரிவாக்கியது. 450ஆம் இடத்து மாற்றமும், கூடவே ஆர்பிஓசியில் ஈடுசெய்யும் மாற்றமும், பெய்ஜிங் வகையும் ஒன்றாக இருந்தால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லலாம். அதற்குமேல் போய்ப் பரவலை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் நோயாளிகளுக்கான பயன்பாட்டில் இல்லை. இத்தனை பதில்களிலும் பார்த்தபடி, பாதிக் காரணங்கள் கிருமிக்கு வெளியே இருக்கின்றன.

பரவிவிட்டதா என்பதை மட்டும் பின்னால் பார்த்துச் சொல்லலாம். 44 லட்சம் எழுத்துகள் கொண்ட இதன் மரபணு மிக மெதுவாக மாறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஓர் எழுத்து. எனவே இரு நோயாளிகளின் கிருமிகளில் வேறுபாடு ஐந்து எழுத்துகளுக்குள் இருந்தால், அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கோ, இருவருக்கும் பொதுவான ஒருவரிடமிருந்தோ தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டைத் தாண்டினால், அவர்கள் ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தாலும், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ள இடமில்லை.